கண்டிப் பாதையில் நிமிடக் கணக்கு

அன்பின் மருமகனுக்கு,

பார்சல் வேலையில் சேர்ந்த அன்று பாதுகாப்பு விதிகள் எழுதிய தாளில் கையெழுத்து வாங்கினார்கள், மறுநாளே பெட்டி மூடாத அளவுக்குப் பார்சல் ஏற்றிவிட்டார்கள், இரண்டையும் எப்படிச் சமாளிப்பது என்று கேட்டிருக்கிறாய். அந்த அளவு பார்சலுடன் எல்லா விதியையும் காப்பாற்ற முடியாத நாட்கள் வரும். அப்படிப்பட்ட நாளில் பார்சலை மிச்சம் வை, விதியை மிச்சம் வைக்காதே. ஏன் என்று சொல்கிறேன்.

ஐந்து கிலோமீற்றரை 30 கி.மீ. வேகத்தில் ஓடினால் 10 நிமிடம்; 50இல் ஓடினால் 6 நிமிடம். லாபம் 4 நிமிடம், அதுவும் பாதை வெறுமையாக இருந்தால்தான். கண்டியில் வெறுமையான பாதை எங்கே இருக்கிறது? நகரம் மலைகளுக்கு நடுவே குழிக்குள் கிடக்கிறது. பேராதனை, கட்டுகஸ்தோட்டை, தென்னக்கும்புர என்று எண்ணிவிடக்கூடிய சில வாசல்கள்தான் அதற்கு. 1998 ஜனவரி குண்டுவெடிப்புக்குப் பின் தலதா மாளிகை முன்பாதையும் வாகனங்களுக்கு மூடப்பட்டது. பாடசாலைகள் விடும் நேரமும் பகல் சாப்பாட்டு ஓடர்கள் குவியும் நேரமும் ஒன்றாகவே வருகின்றன. முறுக்கி ஓடிச் சேர்த்த 4 நிமிடமும் அடுத்த நெரிசலில் போய்விடும். ஆனால் அந்த வேகத்துக்கு நீ கொடுக்கும் விலையைப் பார். கண் கண்டு கை பிரேக்கைப் பிடிக்க ஏறத்தாழ ஒரு விநாடி ஆகும். அதற்குள் 30இல் வண்டி 8 மீற்றர் போகும், 50இல் 14 மீற்றர். பிரேக் பிடித்த பிறகு ஓடும் தூரமோ ஏறக்குறைய மூன்று மடங்காகிறது. மழை நனைத்த தார் என்றால் இன்னும் நீளும். வெயில் காய்ந்த பாதையில் விழும் முதல் மழைதான் மோசமானது. எண்ணெயும் தூசும் கலந்து வழுக்கும்.

நிமிடங்கள் உண்மையில் தொலைவது வண்டி நிற்கும்போதுதான். கலஹா, தெல்தோட்டை பக்கத்துத் தோட்டங்களை நினைத்துப் பார். விலாசத்தில் தோட்டத்தின் பெயரும் டிவிஷனும் இருக்கும், லயத்து வீட்டுக்கு இலக்கம் இருக்காது. கடிதங்களே தோட்டத்து ஒபிசுக்கு வந்து கைமாறிப் போய்ப் பழகிய இடங்கள் அவை. அங்கே போய்ச் சேர்ந்த பிறகு ஆளைத் தேடினால் அரை மணி நேரம் போய்விடும். காலையில் புறப்படும் முன்பே, வண்டியை ஸ்டாண்டில் போட்டுவிட்டு எல்லோருக்கும் போன் எடு. கோயிலடிக்கோ கடையடிக்கோ வரச் சொல், காசைச் சில்லறையாக வைத்திருக்கச் சொல். பார்சலைப் பாதைப்படி அடுக்கு. கடைசியில் கொடுப்பது அடியில் போகட்டும். ஓடிக்கொண்டே போனைக் காதுக்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவே செருகும் பழக்கம் மட்டும் உனக்கு வேண்டாம்.

வண்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பின்பெட்டியில் பாரம் ஏறினால் முன்சில்லு இலேசாகும். ஹந்தானை ஏற்றத்து முடக்கில் ஹாண்டில் சொன்னபடி கேட்காது. கனமானதைக் கீழேயும் உன் முதுகை ஒட்டியும் வை. இறக்கத்தில் கியர் பைக்கைச் சின்ன கியரில் விட்டால் இஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். ஸ்கூட்டர் அந்தளவு பிடிக்காது, சுமை முழுவதும் பிரேக்கில் விழும். பிரேக் சூடேறிக் கருகல் வாசனை வந்தால் நிறுத்து, ஆறவிடு. கடுகண்ணாவையில் வான் ஓட்டுகிறவர்களுக்கும் இதே விதிதான்.

இவ்வளவும் உன் கையில் இருப்பவை. சுமை எவ்வளவு என்பது உன் கையில் இல்லை. விதியை எழுதியவரும் சுமையை ஏற்றியவரும் ஒருவரே. அந்த முரணை உன் உடம்பால் ஈடுகட்டச் சொல்வது அநியாயம், அதை அவர்களிடமே திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னால் மாறுமா என்று கேட்பாய். மாறியிருக்கிறது. அமெரிக்காவில் டொமினோஸ் பீட்சாவுக்கு 30 நிமிட வாக்குறுதி இருந்தது. செயின்ட் லூயிசில் அதன் டெலிவரிக்காரர் ஒருவரின் வண்டி மோதிக் காயமடைந்த பெண்ணுக்கு 1993இல் ஜூரி ஏறக்குறைய 79 மில்லியன் டொலர் நட்டஈடு கொடுக்கச் சொன்னது. அந்த டிசம்பரிலேயே நிறுவனம் அந்த வாக்குறுதியைக் கைவிட்டது. ஜப்பானில் யமாட்டோ என்ற பார்சல் நிறுவனம் 2017இல், ஊழியர்கள் மதியம் சாப்பிட நேரம் கிடைக்கட்டும் என்று 12 மணி முதல் 2 மணி வரை நேரம் குறித்து வாங்கும் வசதியை நிறுத்தியது. 2024 ஏப்ரலிலிருந்து அங்கே லொறிச் சாரதிகளின் மேலதிக வேலை ஆண்டுக்கு 960 மணித்தியாலத்தைத் தாண்டக்கூடாது. பார்சல் எண்ணிக்கை இயற்கை விதி அல்ல, மேசையில் அமர்ந்து தீர்மானித்த எண். தனியாகப் போய்க் கேட்காதே. உன்னோடு ஓடுகிறவர்கள் நாலைந்து பேர் சேர்ந்து, ஒவ்வொரு நாளும் ஏற்றியது எத்தனை, கொடுத்தது எத்தனை, முடித்த நேரம் எது என்று ஒரு கொப்பியில் எழுதி, அதைக் காட்டிக் கேளுங்கள்.

இன்னொன்று. சம்பளச் சிட்டையில் ஊழியர் சேமலாப நிதிக்கு உன் 8 வீதமும் முதலாளியின் 12 வீதமும் காட்டியிருக்கிறதா? இருந்தால் அவர்கள் உன்னை ஊழியராக ஏற்றிருக்கிறார்கள். வேலையில் அடிபட்டால் 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கேட்க உனக்குப் பலமான பிடி உண்டு. 'சுயாதீன ஒப்பந்தக்காரர்' என்று எழுதியிருந்தால் தொழில் திணைக்களத்தில் விசாரி. மூன்றாந் தரப்புக் காப்புறுதி நீ மோதிய ஆளுக்குத்தான், உன் காலுக்கு அல்ல. முழுக் காப்புறுதி இருந்தாலும், கூலிக்குப் பார்சல் ஏற்றும் வண்டிக்கு அது செல்லுமா என்று கேட்டு எழுத்தில் வாங்கு. அந்தப் பத்திரத்தையும் வேலை ஒப்பந்தத்தையும் இரண்டு பக்கமும் படமெடுத்து அனுப்பு. ஞாயிறு இரவு உட்கார்ந்து வரி வரியாக வாசிப்போம்.

அன்புடன்,
மாமா