மரை வெட்டும் கருவியைத் தேர்ந்தெடுத்தல்

தறியின் இரும்புப் பாகத்திலோ, கிணற்றுப் பம்பிலோ துளையின் மரை தேய்ந்துவிட்டால் வேலை நின்றுவிடுகிறது. அத்துளையில் மீண்டும் மரை வெட்ட உதவும் கைக்கருவியே ‘டேப்’. ஆணியின் மேல் மரை வெட்டுவது ‘டை’. 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்த ஓசூரில் இவை பல விலைகளில் கிடைக்கின்றன. விலை குறைவு என்பதற்காக மட்டும் வாங்குதல் தகாது. மட்டமான டேப் துளைக்குள்ளேயே ஒடியக்கூடும்; கடினமேற்றிய அத்துண்டைச் சாதாரண டிரில்லால் குடைந்தெடுக்க இயலாது. சில ரூபாய் மிச்சத்திற்காகப் பாகத்தையே இழக்க நேரிடும்.

முதலில் அளவை அறிவோம். பழைய இயந்திரங்களில் அங்குல மரையே மிகுதி. 5/16 அங்குல விட்வொர்த் மரையும் எம் 8 மரையும் பார்வைக்கு ஒன்றுபோலிருக்கும். முன்னதில் அங்குலத்திற்கு 18 மரைகள். பின்னதில் மரையிடைவெளி 1.25 மில்லிமீட்டர். மாற்றிப் பொருத்தினால் இரண்டும் பாழாகும். ஆகவே மரை அளவுத் தகட்டை வைத்துப் பார்த்தபின் வாங்குதல் நன்று.

அடுத்து, தண்டில் அளவும் ‘எச்.எஸ்.எஸ்.’ என்னும் அதிவேக எஃகுக் குறியும் தெளிவாகப் பொறிக்கப்பட்டுள்ளனவா, வெட்டுமுனைகள் சிதையாமல் கூராக உள்ளனவா என்று நோக்க வேண்டும். கையால் வெட்டுவதற்கு முதல், இடை, கடை என மூன்று டேப்கள் கொண்ட தொகுதியே ஏற்றது.

நல்ல கருவியும் தவறான துளையில் ஒடியும். எம் 8-க்கு 6.8 மில்லிமீட்டர் துளை வேண்டும். எஃகாயின் எண்ணெயிட்டு, அரைச்சுற்று முன்னும் கால்சுற்று பின்னுமாகத் திருப்புக.

தனித்தனியே வாங்க இயலாதவர்கள் நால்வர் கூடி ஒரு நல்ல தொகுதியை வாங்கலாம். கூட்டுறவின் பயன் அதுவன்றோ!