லினக்ஸில் விண்டோஸ் மென்பொருள்: நன்மையா? தீமையா?



நம்ம கம்ப்யூட்டர் லேபில் உள்ள பழைய கணினிகளில் லினக்ஸ்தான் போட்டிருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். போன மாதம் ஒரு சிக்கல் வந்தது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டைப்பிங் சொல்லித்தரும் மென்பொருள் விண்டோஸில் மட்டும்தான் ஓடும். "வைன் போட்டா ஓடிரும் சார்" என்றேன். சார் சிரித்தார். "போடலாம். ஆனா அது லினக்ஸுக்கு நல்லதா கெட்டதான்னு படிச்சிட்டு, சுவரிதழ்ல எழுது" என்றார். மாட்டிக்கொண்டேன்! படித்ததை எழுதுகிறேன்.

வைன் என்றால் என்ன?

எந்த மென்பொருளும் எல்லா வேலையையும் தானே செய்வதில்லை. "இந்தக் கோப்பைத் திற", "இங்கே ஒரு விண்டோ வரை" என்று இயங்குதளத்திடம் கேட்கும். விண்டோஸுக்காக எழுதியது விண்டோஸ் முறையில்தான் கேட்கும். லினக்ஸுக்கு அது புரியாது. வைன் நடுவில் நின்று மொழிபெயர்த்துச் சொல்கிறது. இதற்கு கம்பாட்டிபிலிட்டி லேயர் என்று பெயர். 1993-ல் தொடங்கிய வைன், 1.0 பதிப்பை எட்டியது 2008-ல். 15 வருட உழைப்பு!

கெடுத்த கதை

ஓஎஸ்/2 என்ற இயங்குதளத்தை ஐபிஎம்மும் மைக்ரோசாப்டும் சேர்ந்து 1987-ல் வெளியிட்டன. பிறகு இருவரும் பிரிந்தார்கள். 1992-ல் ஐபிஎம் கொண்டுவந்த 2.0 பதிப்பில் விண்டோஸ் மென்பொருள்களும் ஓடின. "விண்டோஸைவிடச் சிறந்த விண்டோஸ்" என்றே விளம்பரம் செய்தார்கள்.

மென்பொருள் எழுதுபவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்? "விண்டோஸுக்கு ஒன்று எழுதினால் இரண்டிலும் ஓடுதே, ஓஎஸ்/2-வுக்குத் தனியா எதுக்கு?" அவ்வளவுதான். 1995-ல் விண்டோஸ் 95 வந்தது. அதற்காக எழுதிய புது மென்பொருள்கள் பெரும்பாலும் ஓஎஸ்/2-வில் ஓடவில்லை. சொந்த மென்பொருளும் குறைவு. 2006 முடிவோடு ஐபிஎம் ஆதரவை நிறுத்திவிட்டது.

பக்கத்து வீட்டுக் கிணற்றை நம்பினால் இதுதான் கதி. அவர்கள் கிணற்றை ஆழப்படுத்தினால் நம்ம கயிறு எட்டாது! ஆனால் இது ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது. புதுக் கணினிகள் பெரும்பாலும் விண்டோஸ் போட்டே விற்பனைக்கு வந்ததும் ஒரு பெரிய காரணம்.

வாழவைத்த கதை

வால்வ் என்ற கம்பெனி 2015-ல் ஸ்டீம் மெஷின் என்ற லினக்ஸ் விளையாட்டுக் கணினிகளைக் கொண்டுவந்தது. லினக்ஸுக்கென்றே எழுதிய விளையாட்டுகளை நம்பி இறங்கினார்கள். விளையாட்டுகள் போதவில்லை, அது எடுபடவில்லை. 2018-ல் வைனை வைத்து புரோட்டான் என்ற அடுக்கை வெளியிட்டார்கள். 2022-ல் வந்த ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கருவியில் ஆயிரக்கணக்கான விண்டோஸ் விளையாட்டுகள் ஓடுகின்றன. லினக்ஸ் பக்கமே வராதவர்கள்கூட இப்போது லினக்ஸில் விளையாடுகிறார்கள்.

இதிலும் ஒரு குறை உண்டு. ராக்கெட் லீக் விளையாட்டு 2020-ல் தன் லினக்ஸ் பதிப்பை நிறுத்தியது. வேண்டுமானால் புரோட்டானில் முயன்று பாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

என் முடிவு

ஓஎஸ்/2-வை வளர்த்தது ஒரே கம்பெனி. அது கைவிட்டதும் கதை முடிந்தது. லினக்ஸ் அப்படியில்லை. இலவசம், பழைய கணினியிலும் ஓடும், யார் வேண்டுமானாலும் திருத்தலாம். தனக்கென்று பலம் உள்ளவனுக்குப் பாலம் உதவி. பாலத்தை மட்டுமே நம்புபவனுக்கு அதுவே ஆபத்து.

அப்புறம் எங்கள் டைப்பிங் என்ன ஆச்சு? தேடிப் பார்த்ததில், டக்ஸ் டைப்பிங் என்ற இலவச மென்பொருள் லினக்ஸிலேயே ஓடுகிறது! அன்றைக்கே வைன் போட்டிருந்தால் நான் தேடியே இருக்க மாட்டேன். ஓஎஸ்/2 கதை நம்ம லேபிலேயே நடக்கப் பார்த்தது. இப்போது பிள்ளைகள் டக்ஸில்தான் பழகுகிறார்கள். லினக்ஸில் மாற்றே கிடைக்காத ஒரு பழைய வேதியியல் சிடிக்கு மட்டும் வைன் போட்டிருக்கிறோம்.

நண்பர்களே, முதலில் நம்ம வீட்டுக் கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்போம். இல்லையென்றால் பக்கத்து வீட்டுக்குப் போவோம். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? எழுதி லேபில் கொடுங்கள்!

— பதினோராம் வகுப்பு மாணவன், 'ஆ' பிரிவு