கறுப்புத் திரையும் குளிராத அறையும்

யாழ்ப்பாணத்து உரும்பிராய்ச் சந்தியிலிருந்து எந்த ஒழுங்கைக்குள் இறங்கினாலும், புது வீடு கட்டியவர்கள் வாயில் ஒரே பேச்சுத்தான்: “யன்னலுக்குக் கறுப்பா, தடிப்பா சீலை போட்டால்தான் அறை குளிரும். வீட்டிலை தைக்கிற மெல்லிசுத் துணி ஒண்டுக்கும் உதவாது.” இதைக் கேட்டுச் சலித்துவிட்டது. இந்தப் பேச்சை நம்பி, வீட்டு மூலையில் தையல் மெசினை மூடிவைத்துவிட்டு, ‘பிளாக்கவுட்’ என்று விற்கப்படும் இறக்குமதித் துணியைத் தவணைக்கு வாங்குகிறார்கள். 2022இல் ஒரு டொலர் 200 ரூபாயளவிலிருந்து 360 ரூபாய்வரை ஏறியபோது இறக்குமதிப் பிடவையின் விலையும் கூடவே ஏறியது. அதன் பிறகும் ஆறேழு யன்னலுக்கு இந்தத் துணியையே போட வேண்டும் என்று ஒரு குடும்பம் கடன்படுவது வீண் வேலை. துணி பிழையானது என்று சொல்லவில்லை. அது குளிர்ச்சி தரும் என்று சொல்லப்படும் காரணம் பிழையானது. சரியான காரணத்தைப் பிடித்துக்கொண்டால், அலுமாரிக்குள் மடித்துக் கிடக்கும் பழைய வேட்டியிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

வெயில் கண்ணாடியில் விழும்போது நடப்பது இதுதான். 3 மில்லிமீற்றர் தடிப்புள்ள சாதாரண யன்னல் கண்ணாடி, தன்மேல் விழும் வெயிலில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் உள்ளே விட்டுவிடும். உள்ளே தொங்கும் துணி அதைச் சந்திக்கும்போது வெயில் ஏற்கெனவே வீட்டுக்குள் வந்தாயிற்று. கறுப்புத் துணி அதை உறிஞ்சித் தான் சூடாகும். சூடான துணி வெளிவிடும் வெப்பம் வேறு வகையான, நீண்ட அலை வெப்பம். வெயிலை உள்ளே விட்ட அதே கண்ணாடி இதை வெளியே போகவிடாது. துணிக்கும் கண்ணாடிக்கும் நடுவே உள்ள காற்றுச் சூடேறி மேலே எழும்பி, திரையின் தலைப்பு வழியாக அறைக்குள் வழியும். வெள்ளைத் துணி அப்படியில்லை. தன்மேல் விழுந்த வெயிலில் பெரும் பங்கை வெயிலாகவே திருப்பி அனுப்புகிறது. அது வந்த வழியே கண்ணாடியைக் கடந்து வெளியே போய்விடும். ஆகவே கணக்கில் எடுக்க வேண்டியது கண்ணாடியைப் பார்க்கும் பக்கத்தின் நிறம். அறையைப் பார்க்கும் பக்கம் பச்சையோ மெரூனோ, உங்கள் விருப்பம். அமெரிக்க எரிசக்தித் திணைக்களம் வீட்டாருக்குச் சொல்லும் கணக்கும் இதையே காட்டுகிறது: நடுத்தர நிறத் திரையின் பின்புறம் வெள்ளைப் பிளாஸ்ரிக் பூச்சாக இருந்தால், யன்னல் வழியே வரும் வெப்பம் 33 வீதம்வரை குறையும். அந்தக் குறைவைத் தருவதில் பெரும் பங்கு வெள்ளைப் பின்புறத்துக்கு உண்டு, இருட்டுக்கு இல்லை.

கடையில் துணிக்குப் பின்னால் கைத்தொலைபேசி விளக்கைப் பிடித்துக் காட்டுவார்கள். வெளிச்சம் தெரியாது, உடனே “பாருங்கோ, வெயில் வராது” என்பார்கள். வெளிச்சம் மறுபக்கம் வரவில்லை என்றால், அது திரும்பிப் போயிருக்க வேண்டும், அல்லது துணிக்குள்ளேயே வெப்பமாகி இருக்க வேண்டும். எது நடந்தது என்று அந்த விளக்கு காட்டாது. பின்னேரம் நாலு மணிக்கு மேற்கு யன்னலில் தொங்கும் கறுப்புத் திரைக்கு அருகே புறங்கையைக் கொண்டு போங்கள், விடை கிடைக்கும். “கறுப்புக் குடை பிடித்தால் நிழல் குளிர்ச்சியாகத்தானே இருக்கிறது?” என்றும் கேட்கிறார்கள். குடை வெளியே, காற்றில் இருக்கிறது. அது உறிஞ்சும் சூட்டைக் காற்று அடித்துக்கொண்டு போகும். அறைக்குள் தொங்கும் திரையின் சூடு போவதற்கு அறையைத் தவிர வேறு இடமில்லை. இன்னொரு வாதம் வெளிநாட்டிலிருந்து வருகிறது: ரொறன்ரோவிலும் ஒஸ்லோவிலும் பல வீடுகளில் தடித்த திரைதான் என்கிறார்கள். உண்மைதான். அங்கே பனிக்கால இரவில் உள்ளிருக்கும் சூடு கண்ணாடி வழியே வெளியேறாமல் தடுக்கத்தான் தடிப்பு. ஒஸ்லோவில் ஆனி மாதத்தில் இரவு பத்தரைக்குப் பிறகும் சூரியன் மறையாது. பிள்ளைகளை உறங்கவைக்க இருட்டு வேண்டும். யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுவதும் பார்த்தாலும் பகலின் நீளம் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று மேல்தான் மாறுகிறது. அவர்களுடைய தேவைக்குத் தைத்ததை நாம் ஏன் நம்முடைய கூரையின் கீழ் தொங்கவிட வேண்டும்? இரவு வேலை செய்து பகலில் உறங்குபவர், குளிரூட்டி பூட்டிய அறையில் இருப்பவர் தடித்த திரை போடட்டும். அதிலும் வெள்ளைப் பின்புறம் கண்ணாடியைப் பார்க்கட்டும்.

ஆனால் உரும்பிராயில் பெரும்பாலான வீடுகளில் குளிரூட்டி இல்லை. பகலில் யன்னல் திறந்தே கிடக்கிறது. அங்கே இந்தக் கறுப்புத் திரை செய்யும் பெரிய கேடு வேறு. நமக்கு இயற்கை தந்த விசிறி சோளகக் காற்று. வைகாசியிலிருந்து புரட்டாதிவரை தென்மேற்கிலிருந்து விடாமல் வீசுகிறது. அந்த மாதங்களில் பின்னேர வெயில் சாய்வதும் மேற்குப் பக்கத்தில். ஆக வெயில் வரும் யன்னலும் காற்று வரும் யன்னலும் பெரும்பாலும் ஒன்றே. பூச்சுப் பூசிய தடித்த துணியால் அந்த யன்னலை மூடினால் வெயிலோடு காற்றையும் நிறுத்திவிடுகிறீர்கள். வியர்த்த உடம்பைக் குளிர்விப்பது அதன்மேல் ஓடும் காற்று; அது நின்றுபோன இருட்டறையில் குளிர்ச்சியைத் தேடுவது அறிவல்ல. நெருக்கமாக நெய்த வெளிர்நிறப் பருத்தித் துணி காற்றுக்கு அசைந்து கொடுக்கும், விலகும், கொஞ்சம் உள்ளேயும் விடும். ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும்: மெல்லிய வெள்ளைத் துணி ஒற்றையாகத் தொங்கினால் வெயிலில் ஒரு பங்கு அதை ஊடுருவி உள்ளே வரும், அதுவும் வெப்பம்தான். அதற்கு மருந்து கறுப்பு நிறம் அல்ல, இரண்டாவது அடுக்கு.

இரண்டு அடுக்குக்கு எங்கே காசு என்று கேட்பவர்களுக்காகக் கணக்கை விரித்துச் சொல்கிறேன். நாலடி அகலமும் நாலடி உயரமும் உள்ள யன்னலை எடுத்துக்கொள்வோம். எட்டு முழ வேட்டி பன்னிரண்டு அடி நீளம், 144 அங்குலம்; அகலம் ஏறக்குறைய 50 அங்குலம். திரை யன்னலுக்கு மேலே 4 அங்குலமும் கீழே 6 அங்குலமும் கூடுதலாக வந்தால் தைத்து முடித்த உயரம் 58. மேலே தடி நுழையும் மடிப்புக்கு 3, கீழ்க் கரைக்கு 5 சேர்த்தால் வெட்ட வேண்டியது 66 அங்குலம். இரண்டு துண்டுக்கு 132. வேட்டியில் இன்னும் 12 அங்குலம் மிஞ்சும். திரையை ஒதுக்கிக் கட்டும் நாடாவுக்கு அது போதும். இரண்டு துண்டின் அகலமும் சேர்ந்து 100. பக்கக் கரைகளுக்கு நாலு போனால் 96, யன்னலின் அகலத்தில் சரியாக இரு மடங்கு. ஒரு வேட்டிக்கு ஒரு யன்னல். அறையைப் பார்க்கும் பக்கத்துக்குப் பழைய பருத்திச் சீலை. ஆறு யார்ச் சீலை 216 அங்குலம்; அதே 66 அங்குலத்தில் மூன்று துண்டு வரும். இரண்டு சீலை இருந்தால் மூன்று யன்னலுக்கு முகத்துணி ஆயிற்று, சுருக்கம் கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் மடங்கு. வேட்டியையும் சீலையையும் தலைப்பில் மட்டும் சேர்த்துத் தையுங்கள். கீழே தனித்தனியாகத் தொங்கினால் நடுவே காற்று நிற்கும், கழுவினால் சீக்கிரம் காயும். வெட்டுவதற்கு முன் துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, நைந்த இடம் எங்கே என்று பாருங்கள். நைலோன் சீலையும் பட்டும் வேண்டாம். இரண்டுமே வெயிலில் பலமிழந்து கிழியும். கூறைச் சீலையில் கத்தரிக்கோல் வைப்பவர்களிடம் பேச எனக்கு ஒன்றும் இல்லை. செலவென்று வருவது நூலுக்கு மட்டும். அதைப் பொலியெஸ்ரர் நூலாக வாங்குங்கள். பருத்தி நூல் வெயிலில் இற்றுத் தையல் பிரியும்.

வெள்ளைக்கு எதிராக இரண்டு முறைப்பாடு உண்டு. இரண்டும் நியாயமானவை, மறுமொழி சொல்லத்தான் வேண்டும். முதலாவது, செம்பாட்டுப் புழுதி. உரும்பிராய் மண் சிவப்பு. தோட்டம் கொத்துகிற காலத்தில் சோளகம் அடித்தால் வெள்ளைச் சீலை காவியாகும். உண்மை. ஆனால் கறுப்புத் திரையிலும் அதே புழுதி படியும், உங்கள் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். தெரியாததால் மாதக் கணக்கில் கழுவாமல் கிடந்து பிள்ளைகளின் மூக்குக்குள் போகும். புழுதி படிந்த துணியை உடனே நனைக்காதீர்கள். முதலில் முற்றத்தில் உதறித் தூரிகையால் தட்டுங்கள். செம்மண்ணின் நிறம் இரும்பிலிருந்து வருவது. குளோரின் வெளுப்பான் அந்தக் கறையை அகற்றாது, இன்னும் ஊன்றச் செய்யும். தேசிக்காய்ப் புளி கறையை இளக்கும். சுண்ணக்கல்லில் ஊறிய நம் கிணற்றுத் தண்ணீரில் கட்டிச் சவர்க்காரம் நுரைக்காமல் பிசுக்காகிச் சீலையைச் சாம்பல் நிறமாக்குகிறது. திரைக்குச் சலவைத்தூளே நல்லது. தூய வெள்ளை வேண்டாதவர் இளமஞ்சளோ மணல் நிறமோ போடலாம், பெரிய நட்டமில்லை. இரண்டாவது முறைப்பாடு, வெள்ளை தொங்கினால் செத்தவீடு போலிருக்கும் என்பது. யாழ்ப்பாணத்தில் வெள்ளை கட்டுவது மரணவீட்டுக்கு மட்டுமா? கலியாண வீட்டிலும் மேலே வெள்ளைதானே கட்டினார்கள்! தவிரவும், இங்கே சொல்லும் முறையில் அறைக்குள் இருப்பவர் காண்பது பூப்போட்ட சீலையைத்தான்.

மற்றப் பேச்சுகளுக்கு இவ்வளவு நேரம் தேவையில்லை. திரைக்கு மூன்று மடங்கு அகலம் வேண்டும் என்பது துணி விற்பவரின் கணக்கு. ஒன்றரையிலிருந்து இரண்டு மடங்கு தாராளம். உலோக வளையம் அடிக்காவிட்டால் அழகு வராது என்பதும் வெறும் பேச்சு. தலைப்பை மடித்துத் தைத்து, மின்வயர் போகும் பிவிசி குழாயை நுழைத்தால் போதும். நாலடிக்கு மேற்பட்ட யன்னலுக்கு ஸ்பிறிங் வயர் மட்டும் வேண்டாம், நடுவே தொய்யும். மெசின் இல்லாவிட்டால் தைக்க முடியாது என்பவர்கள் கவனிக்க: திரையில் இருப்பதெல்லாம் நேர்த்தையல், கையாலேயே தைக்கலாம். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் போகாது என்பதும் பொய். சாயத் தொட்டியில் நிறத்தைத் துணிக்குள் ஏற்ற உப்பு உதவும், கடையில் வாங்கிய துணியிலிருந்து கழலும் சாயத்தை வீட்டு உப்பு கட்டிப்போடாது. புதுப் பருத்தித் துணியை நனைக்காமல் வெட்டுவது மட்டும் மன்னிக்க முடியாத சோம்பல். நூறு அங்குலத்துக்கு மூன்று, ஐந்து என்று சுருங்கி, முதல் கழுவலிலேயே திரை கட்டையாகிவிடும். திரை நுளம்பைத் தடுக்கும் என்று நம்புவோருக்கு ஒரு வார்த்தை: டெங்கு பரப்பும் நுளம்பு பகலில் வீட்டுக்குள் இருண்ட மூலைகளிலும் தொங்கும் துணிகளிலும்தான் ஒதுங்கும். நுளம்புக்கு வலை அடியுங்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் கண்ணாடிக்கு உள்ளே செய்யும் வேலை. வெயிலை வெளியிலேயே மறிப்பது இதைவிட எவ்வளவோ மேல். மேலே சொன்ன அதே அமெரிக்கத் திணைக்களம், மேற்கு யன்னலுக்கு வெளியே நிழல்மறைப்புப் போட்டால் வெப்ப வரவு 77 வீதம்வரை குறையும் என்கிறது. உள்ளே வெள்ளைப் பின்புறத்துக்கு 33, வெளியே நிழலுக்கு 77. யாழ்ப்பாணம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே பத்துப் பாகைக்கு உட்பட்டது. சித்திரை வருடப்பிறப்பை ஒட்டியும் ஆவணியிலும் நண்பகல் சூரியன் உச்சிக்கு நேரே நிற்கிறது. அப்போது வெயில் கூரையைச் சுடும், யன்னலுக்குள் நுழையாது. யன்னலைச் சுடுவது காலையிலும் பின்னேரத்திலும் சாய்வாக வரும் வெயில். உச்சியை மறைக்கும் கொங்கிறீற் சன்ஷேட் அதற்கு உதவாது. நேரே தொங்கும் மறைப்புத்தான் வேண்டும். அதற்கென்றே இந்த மண்ணில் ஒரு பொருள் இருக்கிறது: பனையோலைத் தட்டி. வேலியிலும் கூரையிலும் எத்தனை தலைமுறை வெயிலைத் தாங்கிய ஓலை அது. மதில் வந்ததும் வேலியிலிருந்து போயிற்று, ஓடு வந்ததும் கூரையிலிருந்து போயிற்று. யன்னலுக்காவது அதைத் திரும்ப அழைக்க வேண்டாமா? பனை அபிவிருத்திச் சபை 1978இல் அமைந்தது. பனை ஆராய்ச்சி நிறுவனம் உரும்பிராய்க்குத் தென்கிழக்கே கைதடியில் இருக்கிறது. தொப்பிக்கும் பெட்டிக்கும் கொடுக்கும் கவனத்தில் ஒரு பங்கை நாலடிக்கு நாலடி யன்னல் தட்டிக்குக் கொடுத்தால், ஓலை பின்னத் தெரிந்த பெண்களுக்கு ஆண்டு முழுவதும் வேலை இருக்கும், இறக்குமதித் துணிக்குப் போகும் காசு நம் வலிகாமப் பகுதிக்குள்ளேயே சுற்றும். வீட்டார் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. தட்டியைச் சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் வெளியே தள்ளித் தொங்கவிடுங்கள்; இடைவெளியால் காற்று நுழையும், யன்னல் கதவும் திறக்கும். ஐப்பசி மழைக்கு முன் கழற்றிக் காயவைத்து, அடுப்படிப் புகை படும் இடத்தில் சுருட்டி வையுங்கள்; பூச்சி அரிக்காது, தை பிறந்து வெயில் ஏறும்போது திரும்பவும் கட்டலாம்.