வண்டி எப்போது ஓட்டலாம்?

மாரடைப்புக்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்புவோர் எங்களிடம் கேட்கும் கேள்விகளில் உணவைப் பற்றியது முதலாவது. வண்டியைப் பற்றியது அடுத்தது. இரண்டாவது கேள்விக்கு இப்போதெல்லாம் குடும்பத்தாரே விடையையும் கையோடு கொண்டு வருகின்றனர். வெளிநாட்டில் வாழும் மகனோ மகளோ அந்நாட்டு மருத்துவக் குறிப்பொன்றைக் கைப்பேசியில் அனுப்பியிருப்பார். பிரிட்டனின் விதி நன்கு அறியப்பட்டது: ஸ்டென்ட் சிகிச்சை வெற்றியாக முடிந்து, இதயத்தின் இயங்குதிறன் போதுமானதாக இருந்தால் ஒரு வாரத்தில் கார் ஓட்டலாம், மற்றவர்களும் பைபாஸ் அறுவை செய்துகொண்டவர்களும் குறைந்தது நான்கு வாரம் பொறுக்க வேண்டும்.

குறிப்பு சரியானதே. ஆயினும் அது அந்நாட்டுக் காரையும் அந்நாட்டுச் சாலையையும் மனத்தில் கொண்டு எழுதப்பட்டது. நம் நோயாளர்களில் பலர் ஏறப்போவது ஸ்கூட்டரில். பைபாஸ் அறுவையில் பிளக்கப்பட்ட நெஞ்செலும்பு நன்கு கூடுவதற்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் ஆகும். அதற்குள் குழியில் இறங்கி ஏறும் வண்டியின் கைப்பிடியை இறுகப் பற்றுவதும், சென்டர் ஸ்டாண்டு போடுவதும், சாயும் வண்டியைத் தாங்கிப் பிடிப்பதும் அந்த எலும்பையே இழுக்கின்றன. காருக்குச் சொன்ன கணக்கு இங்கே செல்லாது.

உடலுழைப்பு ஒருபுறம் இருக்க, நெரிசலில் ஓட்டுவோரின் உடலுக்குள் நிகழ்வதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். குறுக்கே ஓர் ஆட்டோ புகும்போது அட்ரினலின் சுரக்கிறது, துடிப்பு விரைகிறது, இரத்த அழுத்தம் உயர்கிறது. நடைப்பயிற்சியிலும் இவை நிகழும். ஆனால் அங்கே தசைகள் இயங்கி அந்த வேகத்தைச் செலவிடுகின்றன. இருக்கையில் அமர்ந்தவருக்கு அந்த வடிகால் இல்லை. ஜெர்மனியின் அவுக்ஸ்பூர்க் பகுதியில் மாரடைப்பிலிருந்து பிழைத்தவர்களிடம் நடத்தப்பட்டு 2004இல் வெளியான ஆய்வொன்று, போக்குவரத்தில் இருந்த ஒரு மணி நேரத்துக்குள் மாரடைப்பு தொடங்கும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்காவதைக் காட்டியது. பேருந்தில் சென்றவர்களும் மிதிவண்டியில் சென்றவர்களும் இதில் அடங்குவர். எனவே புகைக்கும் இரைச்சலுக்கும் இதில் பங்கிருக்கக்கூடும். ஓட்டுநரின் கோபத்தை மட்டும் குறை சொல்ல இயலாது. கோபமும் சிறியதன்று. கடுஞ்சினம் கொண்ட பின்வரும் இரண்டு மணி நேரத்தில் மாரடைப்பு வாய்ப்பு இரு மடங்குக்குமேல் கூடுவதாக 1995இல் அமெரிக்க ஆய்வொன்று கூறியது.

சாலையில் சினம் எங்கிருந்து வருகிறது? எதிர்ப்படுபவர் நாம் எதிர்பார்த்தபடி நடவாததிலிருந்தே பெரும்பாலும் வருகிறது. அந்த எதிர்பார்ப்போ நாட்டுக்கு நாடு மாறுவது. ஜெர்மனியில் ஆபத்தை எச்சரிக்கவும், ஊருக்கு வெளியே முந்திச் செல்வதை அறிவிக்கவுமே ஹாரன் அடிக்கலாம். பிரிட்டனில் குடியிருப்புப் பகுதிகளில் இரவு 11.30 முதல் காலை 7 வரை ஓடும் வண்டியிலிருந்து ஹாரன் ஒலிக்கலாகாது. நம் லாரிகளின் பின்புறமோ ஒலி எழுப்புமாறு நம்மை வேண்டுகிறது. இங்கே அவ்வொலிக்கு 'நான் வருகிறேன்' என்பதே பொருள். அங்கே அது வசை. அங்குப் பல்லாண்டு ஓட்டிப் பழகியவர் இங்கு வந்தால், ஒரு மணி நேரத்தில் நூறு பேர் தம்மை ஏசியதாகவே அவர் நெஞ்சு எண்ணும்.

விளக்கின் மொழி இன்னும் ஆபத்தானது. பிரிட்டனில் எதிரே வருபவர் முகப்பு விளக்கைச் சிமிட்டினால், 'நீங்கள் போங்கள்' என்று வழிவிடுவதாகக் கொள்வதே வழக்கம். நம் நெடுஞ்சாலையில் அதே சிமிட்டலுக்கு 'நான் நிற்கப்போவதில்லை, ஒதுங்கு' என்று பொருள். ஒரே சைகையை இருவர் நேர்மாறாகப் படித்தால் என்ன நேரும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இவற்றைப் பயணக் குறிப்பாகச் சொல்லவில்லை. தந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறார் என்ற செய்தி கேட்டு, நள்ளிரவில் சென்னையில் இறங்கி, வாடகைக் காரைத் தாமே ஓட்டிக்கொண்டு நேரே இங்கு வர முனையும் பிள்ளைகள் உண்டு. நியூயார்க்குக்கும் நமக்கும் கால வேறுபாடு ஒன்பதரை அல்லது பத்தரை மணி நேரம். நம் விடியற்காலையில் அவர்கள் உடல் எந்தப் பொழுதை எண்ணிக்கொண்டிருக்கும் என்பது அதற்கே தெரியாது. அமெரிக்காவிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் வருவோர் வலப்புறம் ஓட்டிப் பழகியவர்கள். வெறுமையான சாலையில் தேநீருக்கு நிறுத்திவிட்டுப் புறப்படும் கணத்தில், முன்னே வழிகாட்டும் வண்டி இல்லாதபோது, பழைய பழக்கம் தலைதூக்கும். சிங்கப்பூரிலிருந்து வருவோருக்குப் பக்கம் மாறுவதில்லை, ஒழுங்கு மாறுகிறது.

விழிப்போடு இருந்தால் போதாதா எனலாம். சுவீடன் நாடு 1967 செப்டம்பர் 3 அன்று இடப்புறப் போக்குவரத்திலிருந்து வலப்புறத்துக்கு ஒரே நாளில் மாறியது. விபத்துகள் முதலில் குறைந்தன. எல்லாரும் அஞ்சி அஞ்சி ஓட்டினர். பிறகு எண்ணிக்கை பழைய நிலைக்கே திரும்பியது. அத்தகைய விழிப்பை நெடுங்காலம் தாங்க எவராலும் இயலாது. அதற்கு உடல் விலை கொடுக்கிறது. உறங்காத மகனுக்கு அவ்விலையைக் கொடுக்கக் கையிருப்பு ஏது? ஓட்டுநரோடு வண்டி அமர்த்துங்கள், அல்லது இரயிலில் வாருங்கள். இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தாலும் சிகிச்சை நிற்காது. கையொப்பம் தேவைப்படின் தொலைபேசியில் பேசி வழி காண்போம்.

இன்சுலின் போட்டுக்கொள்வோருக்குத் தனியே ஒரு சொல். வியர்வை, படபடப்பு, எரிச்சல், கவனச் சிதறல் ஆகியவை நெரிசலின் குறிகள். சர்க்கரை தாழ்வதற்கும் அவையே குறிகள். சிக்னலில் நிற்பவர் இரண்டாவதை முதலாவதென எண்ணிப் பொறுத்துக்கொள்கிறார். மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரை உண்பவருக்குப் படபடப்பே தெரியாமல் போகலாம். வியர்வை மட்டும் பெரும்பாலும் மறைவதில்லை. புறப்படுமுன் சோதித்துப் பாருங்கள். 90 மில்லிகிராமுக்குக் குறைந்தால் சிறிது உண்டபின் கிளம்புங்கள். நீண்ட பயணத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சோதியுங்கள். வழியில் தாழ்ந்துவிட்டால் ஓரம் கட்டி, மூன்று தேக்கரண்டி சர்க்கரை உட்கொண்டு, அளவு சரியான பிறகும் முக்கால் மணி நேரம் காத்திருங்கள். மூளை தெளிய அவ்வளவு நேரமாகும்.

நெஞ்சுவலி வந்தாலும் வண்டியை நிறுத்த வேண்டும். நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை இரத்த அழுத்தத்தைத் தாழ்த்தும். அதை வைத்துக்கொண்டு 'பக்கத்தில்தானே மருத்துவமனை' என்று ஓட்டி வருவது தகாது. 108ஐ அழையுங்கள். நெடும்பயணத்தன்று கழிப்பறைக்கு அஞ்சி நீர் மாத்திரையைத் தாமாகவே விட்டுவிடுவோரும் பலர், குறிப்பாகப் பெண்கள். நம் சாலைகளின் நிலையை அறிந்தே சொல்கிறோம், அவ்வச்சம் நியாயமானது. மாத்திரையை எந்நேரத்துக்கு மாற்றலாம் என்று முன்கூட்டியே கேளுங்கள்; பெரும்பாலும் வழி உண்டு.

இறுதியாக, எங்கள் சொந்த வேண்டுகோள் ஒன்று. மருத்துவமனையைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலம் என்பது 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. தீவிர சிகிச்சைப் பிரிவின் சாளரத்தில் வந்து மோதும் ஹாரன்களுள் பல, உள்ளே இருப்பவரைக் காண வரும் உறவினர்களுடையவை. வாயிற்காவலர் கதவைத் திறக்க வருவார்; சற்றே பொறுங்கள்.

வீடு திரும்பும் நாளில் 'எப்போது ஓட்டலாம்' என்று மட்டும் கேட்காமல், எந்த வண்டி, எந்தச் சாலை, எந்த நேரம், பின்னால் அமர்பவர் யார் என்பதையும் சொல்லுங்கள். அதன்பின் தரும் விடையை மருத்துவச் சுருக்கத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதிக் கொடுப்போம்.