போடியிலிருந்து சென்னை வரை: படியேற விடாத ஐந்து நம்பிக்கைகள்

போடிநாயக்கனூர்க்காரருக்குப் பெரிய வைத்தியம் என்றால் கானாவிலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி, அடுத்து மதுரை ராஜாஜி மருத்துவமனை, அதற்கும் மேல் சென்னை. போடிமெட்டுக்கு அப்பால் ஏலத்தோட்டத்தில் குடியிருப்பவர் சென்னை போய்ச் சேர ஜீப், பஸ், ரயில், மாநகரப் பேருந்து என்று நான்கு வண்டி மாற வேண்டும். அதில் ஒன்றில் ஏற முடியாவிட்டாலும் மற்ற மூன்றும் அவருக்கு இருந்தும் இல்லாதவையே. மாற்றுத்திறனாளிகளின் பயணம் பற்றி நம்மிடையே உலவும் சில நம்பிக்கைகளை இந்த வழி நெடுகவும் வைத்துப் பார்க்கலாம்.

நம்பிக்கை 1: “சக்கர நாற்காலியில் பஸ்ஸுக்கு வருகிறவர் யார்? யாரோ ஓரிருவருக்காக இவ்வளவு செலவா?”

உண்மை: 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மாற்றுத்திறனாளிகள் 11.79 லட்சம் பேர். பேருந்து நிலையத்தில் அவர்களைக் காணவில்லை என்றால், வர வழியில்லாமல் வீட்டில் இருக்கிறார்கள் என்று பொருள். அவர்களில் எல்லோரும் சக்கர நாற்காலியில் இருப்பவர்களும் அல்லர். பார்வையற்றவருக்கு அடுத்த நிறுத்தத்தின் பெயரை ஒலிபெருக்கி சொல்ல வேண்டும். காது கேளாதவருக்கு அதே பெயர் எழுத்தில் தெரிய வேண்டும். முழங்கால் தேய்ந்த பாட்டிக்கும், நிறைமாதக் கர்ப்பிணிக்கும், கால் முறிந்து கட்டுப்போட்ட தொழிலாளிக்கும் தாழ்ந்த படி தேவை. இன்று ஓடி ஏறுகிறவருக்கும் முதுமை வரும்.

நம்பிக்கை 2: “டிக்கெட்டே இலவசம். இதற்கு மேல் என்ன வேண்டும்?”

உண்மை: 2021இல் மகளிருக்குச் சாதாரண நகரப் பேருந்துகளில் கட்டணமில்லாப் பயணம் வந்தது. அந்த ஆண்டே மாற்றுத்திறனாளிகளுக்கும், உடன் வரும் துணையாளருக்கும் அது விரிந்தது. பாராட்ட வேண்டிய திட்டம்தான். ஆனால் வழக்கமான பேருந்தின் தளம் சாலையிலிருந்து 900 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கிறது. செங்குத்தான படிகள், குறுகிய வாசல் வேறு. இரண்டு பேர் தூக்கி ஏற்றினால்தான் பயணம் என்றால், காசு மிச்சமாகும், மானம் மிச்சமாகாது. கட்டணச் சலுகை பயன் தர வேண்டுமானால் முதலில் வண்டிக்குள் போக முடிய வேண்டும்.

நம்பிக்கை 3: “தாழ்தளப் பேருந்தெல்லாம் வெளிநாட்டுக்கு. நம்ம ரோட்டில் ஓடாது.”

உண்மை: சென்னை உயர் நீதிமன்றத்திலும் அரசுத் தரப்பு சாலையின் நிலையையும் செலவையும் காரணமாகச் சொன்னது. மாற்றுத்திறனாளி உரிமைச் செயல்பாட்டாளர் வைஷ்ணவி ஜெயக்குமார் தொடர்ந்த வழக்கு அது. வருடக்கணக்கான வாதத்துக்குப் பின், 2024 ஆகஸ்டில் மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் புதிய தாழ்தளப் பேருந்துகள் சென்னைத் தெருக்களில் இறங்கின. தளத்தின் உயரம் சுமார் 400 மில்லிமீட்டர். நிறுத்தத்தில் வண்டி ஒரு பக்கமாக இன்னும் தாழும். வாசலிலிருந்து சாய்தளத்தை விரித்தால் சக்கர நாற்காலி நேரே உள்ளே போகும். மதுரைக்கும் கோவைக்கும் இவ்வகைப் பேருந்துகள் ஒதுக்கப்பட்டன. பள்ளமும் தாறுமாறான வேகத்தடையும் இடைஞ்சல் என்றால், திருத்த வேண்டியது சாலையை.

நம்பிக்கை 4: “அதுதான் போடிக்கு ரயில் வந்துவிட்டதே!”

உண்மை: 2010 கடைசியில் அகலப்பாதைப் பணிக்காக நின்ற மதுரை–போடி ரயில், 2023 ஜூன் 15 அன்று மீண்டும் போடிக்கு வந்தது. இன்று சென்னை சென்ட்ரல் வரை நேர் வண்டி உண்டு. மலையடிவார மக்களுக்கு இது பெரிய வரம். ஆனால் நம் ரயில்வேயில் உயர நடைமேடை என்பதே தண்டவாளத்திலிருந்து 760 முதல் 840 மில்லிமீட்டர்தான். பெட்டியின் தளமோ 1,200 மில்லிமீட்டருக்கும் மேல். இடையில் இருப்பது கிட்டத்தட்ட ஒரு முழ உயரம். மாற்றுத்திறனாளிகளுக்கான அகலக் கதவுப் பெட்டி பெரும்பாலும் வண்டியின் ஒரு கோடியில் இருக்கும். அது எங்கே வந்து நிற்கும் என்று முன்கூட்டித் தெரிந்து, எடுத்துவைக்கும் சாய்தளத்தோடு ஆளும் காத்திருந்தால்தான் ஏறலாம். அதே பயணி சென்ட்ரலில் இறங்கி மெட்ரோவுக்குப் போனால், மின்தூக்கி கீழே இறக்கிவிடுகிறது. நடைமேடையும் பெட்டித் தளமும் ஏறக்குறைய ஒரே மட்டம். முடியாத காரியம் இல்லை என்பதற்குச் சென்னையிலேயே சான்று இருக்கிறது.

நம்பிக்கை 5: “மலைக்கு இதெல்லாம் ஒத்துவராது.”

உண்மை: பதினேழு கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட போடிமெட்டுச் சாலைக்கு மாநகரத் தாழ்தளப் பேருந்தை அப்படியே கொண்டுவர வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. உயர்ந்த தளமுள்ள பேருந்திலும் சக்கர நாற்காலியைத் தூக்கிவைக்கும் இயந்திரத்தைப் பொருத்தலாம். தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றும் ஜீப்பின் பின்புறம் மடக்குப் படியும் பிடிகம்பியும் வைக்கப் பெரும் செலவு ஆகாது. பேருந்து நிலையத்தில் வண்டியை மேடையை ஒட்டி நிறுத்துவதற்கும், ஏறியவர் உட்காரும்வரை பொறுப்பதற்கும் செலவே இல்லை. அகமலைப் பக்கத்து மலைக் கிராமங்களில் நோயாளியை டோலி கட்டித் தூக்கிவரும் நிலைக்கு மருந்து, சாலைதான். அங்கே சாலையே முதல் சாய்தளம்.

இவையெல்லாம் அரசு மனமிரங்கித் தரும் சலுகைகள் அல்ல. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016இன் 41ஆவது பிரிவு பேருந்து நிறுத்தம், ரயில் நிலையம், வாகனம், சாலை எல்லாவற்றையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு படி மேலே போனது: அணுகல் விதிகள் வெறும் பரிந்துரைகளாக இருந்தால் போதாது, மீற முடியாத கட்டாயத் தரங்கள் வேண்டும் என்று சொல்லி, அவற்றை வகுக்க ஒன்றிய அரசுக்கு மூன்று மாதம் கெடு விதித்தது.

எனவே புதிய பேருந்தோ நிலையமோ திறக்கும்போது எத்தனை கோடி என்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், படி எவ்வளவு உயரம், சாய்தளம் எங்கே, அறிவிப்பு காதுக்கும் கண்ணுக்கும் எட்டுகிறதா என்றும் கேட்போம். நடக்க முடிந்தவர்கள் சேர்ந்து கேட்டால்தான் இந்தக் கேள்விகளுக்குப் பதில் சீக்கிரம் வரும்.