பெரிய மூவவத்தை மோட்டரும் படிகூட்டு நிலைமாற்றியும்

ஏற்று நீர்ப்பாசனத்துக்கோ நெல் குற்றும் ஆலைக்கோ வேண்டிய பெரிய மோட்டரைப் பிறநாட்டிலிருந்து வந்த பழைய பொருள்களுள் மலிவாகத் தேடி வாங்குவோர் உளர். அம்மோட்டரின் பெயர்த்தகட்டில் 460 என்றோ 575 என்றோ 690 என்றோ வோல்ற்றளவு பொறிக்கப்பட்டிருக்கக் கண்டதும், நமது மூவவத்தை வழங்கல் 400 வோல்ற்று ஆதலால், இடையே ஒரு படிகூட்டு நிலைமாற்றியை வைத்தாற் போதும் என அவர்கள் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் சில வேளைகளிற் சரியாகும். சில வேளைகளில் வீண் செலவாகும். சில வேளைகளில் மோட்டரையே எரித்துவிடும். சிறுபோகத்தில் நெல் கதிர் தள்ளும் தறுவாயில் மோட்டரின் சுருள் கருகினால், அதனை மீளச் சுற்றி எடுப்பதற்குள் வயல் வெடித்துவிடும். ஆகவே பணங் கொடுக்குமுன் பெயர்த்தகட்டை முழுவதும் வாசித்தல் வேண்டும்.

முதலில் ஒன்றை மனத்திற் கொள்க. நிலைமாற்றி வோல்ற்றளவை உயர்த்துமேயன்றி வலுவை உண்டாக்காது. மோட்டரின் பக்கத்தில் வோல்ற்றளவு எத்தனை மடங்கு கூடுகின்றதோ, வழங்கற் கம்பியின் பக்கத்தில் மின்னோட்டமும் அத்தனை மடங்கு கூடும். எனவே, நீண்ட கம்பியின் கடைக்கோடியில் வோல்ற்றளவு 340க்குத் தாழ்ந்து நிற்கும் இடத்தில் நிலைமாற்றியால் அதனை நிமிர்த்த முயல்வது பயனற்றது. அது கம்பியிலிருந்து மேலும் மின்னோட்டத்தை இழுக்க, கம்பியின் வோல்ற்றளவு மேலும் வீழும். அத்தகைய இடத்துக்கு வேண்டியது தடித்த கம்பி, அல்லது அண்மையில் மின்சார சபையின் நிலைமாற்றி. மேலும், படிகூட்டு நிலைமாற்றி 230 வோல்ற்றுத் தனியவத்தையை மூவவத்தையாக்காது; மீடிறனையும் மாற்றாது. இந்த மீடிறன் விடயத்திலேயே பலர் தவறுகின்றனர்.

பெயர்த்தகட்டில் 400/690 என இரண்டு எண்கள் காணப்படின் நிலைமாற்றி வேண்டியதேயில்லை. டெல்ரா இணைப்பில் 400, ஸ்ரார் இணைப்பில் 690 என்பதே அதன் பொருள். இணைப்புப் பெட்டியிலுள்ள தகடுகளை டெல்ராவாக மாற்றி நேரே 400 வோல்ற்றிற் தொடுக்கலாம். ஸ்ராரில் விட்டு 400 கொடுத்தால் முறுக்கம் மூன்றிலொன்றாகக் குறைந்து, சுமையேறியவுடன் மோட்டர் திணறிச் சூடேறும்.

460 அல்லது 575 வோல்ற்று, 60 சுழற்சி எனப் பொறித்தவை வட அமெரிக்க மோட்டர்கள். நமது மீடிறனோ செக்கனுக்கு 50 சுழற்சி. மோட்டரின் அகணியில் எழும் காந்தப்பாயம் வோல்ற்றளவை மீடிறனால் வகுத்த ஈவைப் பொறுத்தது. அந்த ஈவு பெயர்த்தகட்டிலுள்ளபடியே இருந்தால் அகணி செவ்வையாக வேலை செய்யும். மிகுந்தால் அகணி நிரம்பி, சுமையில்லாத நிலையிலும் மோட்டர் கொதிக்கும். 460ஐ 60ஆல் வகுத்து 50ஆற் பெருக்க, ஏறத்தாழ 383 வருகின்றது. ஆகவே அம்மோட்டர் நமது 400 வோல்ற்றில் நேரே ஓடக்கூடியது. நிலைமாற்றி வைத்து 460 கொடுத்தவர் பணத்தைச் செலவிட்டு மோட்டரைக் கெடுத்தவராவார். 575 வோல்ற்று மோட்டருக்கு இதே கணக்கில் 479 வருகின்றது. இங்கேதான் நிலைமாற்றி மெய்யாகவே தேவைப்படுகின்றது. எனினும் அது 400ஐ 480 ஆக்குவதாக இருத்தல் வேண்டும், 575 ஆக்குவதாக அன்று.

இவ்வாறு ஓடும் மோட்டரின் வேகமும் வலுவும் ஆறில் ஐந்து பங்கே. 1750 சுற்று எனப் பொறித்தது இங்கே ஏறத்தாழ 1450 சுற்றுச் சுழலும். 40 பரிவலு மோட்டரை 33 பரிவலுவெனக் கொள்க. ஆலையிற் பட்டி பூட்டியிருப்பின் மோட்டரின் கப்பியைப் பெரிதாக்கி யந்திரத்தின் வேகத்தை மீட்கலாம். சுமை 33 பரிவலுவை விஞ்சாதிருக்க வேண்டும். மோட்டரோடு நேரே பொருத்திய மையநீக்கப் பம்பியின் நிலை வேறு. வேகம் ஆறில் ஐந்தானால் நீரை ஏற்றும் உயரம் முப்பத்தாறில் இருபத்தைந்து பங்காகும். அமெரிக்காவில் 30 மீற்றர் ஏற்றிய பம்பி இங்கே 21 மீற்றர் அளவே ஏற்றும். உங்கள் மேட்டு நிலம் 25 மீற்றர் உயரத்திலிருந்தால் மோட்டர் சுழலும், வாய்க்காலுக்கு ஒரு துளி நீரும் வராது. பம்பியோடு சேர்த்து மோட்டரை வாங்குவோர் இதனை முதலிற் கணிக்க வேண்டும்.

(யாழ்ப்பாணத்துத் தோட்டக் கிணறுகளுக்கு இத்தகைய பெரிய மோட்டரே ஆகாது. அங்கே சுண்ணாம்புக் கல்லினுள் நன்னீர் உவர்நீரின் மேல் நிற்கின்றது. விரைந்து இறைத்தால் அடியிலுள்ள உவர் மேலேறிவிடும்.)

நிலைமாற்றியின் அளவைக் காணும் விதம் இது. மேற்சொன்ன மோட்டர் இங்கே தரும் 33 பரிவலு 25 கிலோவாற்றுக்குச் சமம். வினைத்திறன் நூற்றுக்கு 90, வலுக்காரணி 0.85 எனக் கொண்டால் அது ஏறத்தாழ 33 கே.வி.ஏ. இழுக்கும். மோட்டரின் பக்கத்தில் 39 அம்பியர்; வழங்கலின் பக்கத்தில் 47 அம்பியர். ஆனால் நேரே தொடக்கும்போது ஓட்டம் ஆறு மடங்கு வரை பாயும். 4 வீதத் தடங்கல் உள்ள 50 கே.வி.ஏ. நிலைமாற்றியிற்கூட அந்நேரத்தில் வோல்ற்றளவு 15 வீதமளவு தாழும். முறுக்கம் வோல்ற்றளவின் வர்க்கத்தோடு குறைவதால் அது நூற்றுக்கு 72 ஆகிவிடும். கம்பியில் ஏற்படும் வீழ்ச்சி இதற்கு மேல். ஆகவே 35 கே.வி.ஏ. போதுமென்று விற்பவர் கூறினும் 50க்குக் குறைந்ததை ஏற்க வேண்டாம். மின்னோட்டத்தைப் படிப்படியாக ஏற்றும் இலத்திரனியற் தொடக்கியும் பூட்டுவது நன்று. மூன்று முனைகள் மட்டும் வெளிவந்த மோட்டரை ஸ்ரார்-டெல்ரா முறையிற் தொடக்க இயலாது. நிலைமாற்றியும் 50 சுழற்சிக்கெனச் செய்யப்பட்டதாக இருத்தல் வேண்டும்.

மிகைச்சுமைக் காப்பை மோட்டரின் பக்கத்தில், மோட்டரின் ஓட்டத்துக்கே அமைத்து வைக்க. ஓர் அவத்தை அற்றுப்போனால் மோட்டரை நிறுத்தும் காப்பும் கட்டாயம் வேண்டும். வழங்கற் பக்கத்து உருகி, நிலைமாற்றியைத் தொடுக்கும் கணத்தில் எழும் பெரும் ஓட்டத்தைத் தாங்கும் மந்த வகையாக இருக்கட்டும்.

இரண்டு தனிச் சுருள்களுள்ள நிலைமாற்றியாயின், 480 வோல்ற்றுப் பக்கத்தின் நொதுமல் முனையைப் புவியோடு தொடுத்தல் இன்றியமையாதது. தொடுக்காது விட்டால், ஓர் அவத்தை மோட்டரின் உடலைத் தொட்டபோதும் உருகி உருகாது. குற்றம் மறைந்தே கிடக்கும். பின்னர் வேறோர் அவத்தையும் புவியைத் தொடும் நாளில், நனைந்த பம்பிக் கொட்டிலில் வெறுங்காலோடு நிற்பவர் மோட்டரைத் தொட்டால் உயிர் போகும். மோட்டரின் உடலுக்கும் தனிப் புவிக்கம்பி வேண்டும். இவ்வேலையைத் தகுதிபெற்ற மின்வினைஞரைக் கொண்டே செய்விக்க. புதிய சுமையை இணைக்குமுன் மின்சார சபையின் பிரதேச அலுவலகத்தில் அனுமதியும் பெறுக.

இறைப்பு முடிந்ததும் மோட்டரை மட்டுமன்றி நிலைமாற்றியையும் வழங்கற் பக்கத்தில் துண்டித்து வைக்க. சுமையின்றி நிற்கும்போதும் அது இரவு பகலாக மின்னை உண்ணும்.