பூட்டிக் கிடந்த கதவு

கேள்வி: அமெரிக்காவில் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டங்கள் வந்ததற்கு ஒரு தீ விபத்துதான் காரணமாமே?

பதில்: பாதி உண்மை. 1911 மார்ச் 25, சனிக்கிழமை. நியூயார்க்கில் பெண்களுக்கான மேல்சட்டை தைக்கும் டிரையாங்கிள் ஆலையில், வேலை முடிந்து கிளம்பும் நேரத்தில் தீப்பிடித்தது. ஒன்பதாம் மாடியில் ஒரு கதவு பூட்டிக் கிடந்தது. துணி திருடிவிடுவார்கள் என்று பைகளைச் சோதித்து, ஒரே வழியாக வெளியே விடுவது அங்கே வழக்கம். தீயணைப்பு ஏணி ஆறாம் மாடி வரைதான் எட்டியது. 146 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் இத்தாலிய, யூதக் குடியேறிகளின் வீட்டு இளம்பெண்கள். முதலாளிகள் வழக்கில் விடுதலையானார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் மனம் ஆறுவதில்லை.

ஆனால் தீக்கு முன்பே போராட்டம் இருந்தது. 1909-ல் கிளாரா லெம்லிக் என்ற இளம் தையல் தொழிலாளி தொழிலாளர் கூட்டம் ஒன்றில் எழுந்து பேச, சுமார் 20,000 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஆனால் டிரையாங்கிள் முதலாளிகள் தொழிற்சங்கத்தை ஏற்கவே இல்லை.

தீயை நேரில் பார்த்த ஃபிரான்சிஸ் பெர்க்கின்ஸ் என்ற பெண், தீக்குப் பிறகு அமைந்த மாநில விசாரணைக் குழுவினரை ஆலை ஆலையாக அழைத்துப்போய்க் காட்டினார். தீ ஒத்திகை, அவசர வழி, வேலை நேர வரம்பு என 30-க்கும் மேற்பட்ட சட்டங்கள் வந்தன. 1933-ல் பெர்க்கின்ஸே தொழிலாளர் துறை அமைச்சரானார். அமெரிக்க அமைச்சரவையில் இடம்பெற்ற முதல் பெண் அவர்தான்.